ஜெட் படகுக்குச் சுக்கான் வேண்டுமா?

என் மைத்துனர் மீன்பாசிக் குத்தகை எடுத்திருக்கும் ஏரி காட்பாடிக்கு வடக்கே, ஆந்திர எல்லையை ஒட்டிய குன்றுகளின் அடிவாரத்தில் இருக்கிறது. கார்த்திகையில் நிரம்பிக் கோடி போய் (உபரிநீர் வழிந்தோடி), பங்குனி பிறப்பதற்குள் பாதிக்கு மேல் வற்றிவிடும் ஏரி அது. வட ஆர்க்காட்டின் பெரும்பாலான ஏரிகளைப் போலவே கரையோரம் ஆள் மூழ்கும் ஆழமும், எதிர்ப்புற நீர்ப்பிடிப்பில் கணுக்கால் நனையும் ஆழமுமாகச் சரிந்து கிடக்கும். அந்த ஏரியில் ஓட்டுவதற்காக என் பட்டறையில் நான் கட்டிய சிறிய ஜெட் படகுக்குச் சுக்கான், அதாவது தண்ணீருக்குள் நின்று படகைத் திருப்பும் தகடு, பொருத்த வேண்டுமா, வேண்டாமா என்ற கேள்வி என்னை இரண்டு மழைக்காலங்கள் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. இப்போது எனக்கு ஒரு முடிவு கிடைத்திருக்கிறது. அந்த முடிவைவிட, அதற்கு வந்து சேர்ந்த வழியில் நான் கற்றுக்கொண்டவை பிறருக்குப் பயன்படும் என்று நம்புவதால் இதை விரிவாக எழுதுகிறேன்.

ஒரு கிராமத்து ஏரிக்கு ஜெட் படகு எதற்கு என்று கேட்பவர்களுக்கு முதலில் பதில் சொல்லிவிட வேண்டும். ஏரியில் வலை போடுகிறவர்கள் இன்றும் தெர்மாகோல் தெப்பத்திலும் பரிசலிலும்தான் போகிறார்கள். அன்றாட வேலைக்கு அதுவே போதும். ஆனால் ஏரியின் உள்வாயில் அந்தக் காலத்தில் சமூகக் காடுகளுக்காக நட்ட கருவேல மரங்களின் அடிக்கட்டைகளும், தானாக முளைத்த வேலிகாத்தானும் தண்ணீருக்குள் மறைந்து நிற்கின்றன. மைத்துனர் முதலில் வாடகைக்கு எடுத்து வந்த, படகின் பின்னால் மாட்டும் அவுட்போர்டு மோட்டாரின் புரொப்பெல்லர் ஒரே வாரத்தில் இரண்டு முறை கட்டையில் மோதி இறக்கை மடங்கியது. மூன்றாவது முறை அவருடைய சொந்த நரம்பு வலையையே சுருட்டிக்கொண்டு நின்றது. படகுக்கு அடியில் சுழலும் இறக்கையே இல்லாத எந்திரம் வேண்டும் என்று அவர் கேட்டபோது எனக்கு ஜெட் நினைவுக்கு வந்தது. மேலும், 2021 நவம்பரில் பாலாறு இரு கரையும் தொட்டு ஓடியதை நான் பாலத்தின் மேல் நின்று பார்த்தேன். 1903-இல் வாணியம்பாடியை வாரிக்கொண்டு போன வெள்ளத்தைப் பற்றிப் பெரியவர்கள் சொல்லக் கேட்டு வளர்ந்தவன் நான்; மணல் மட்டுமே ஓடும் ஆறு என்று நாங்கள் பழகிவிட்ட பாலாற்றில் அப்படியொரு தண்ணீரை அதுவரை கண்டதில்லை. மக்கள் விழுந்து தத்தளிக்கும் தண்ணீரில் வெட்டும் இறக்கை இல்லாத படகு ஒன்று நம் பக்கத்திலும் இருக்கட்டும் என்ற எண்ணமும் சேர்ந்துகொண்டது.

ஆகவே சென்னையில் பழைய நீர் ஸ்கூட்டர் (ஜெட்டால் ஓடும், தண்ணீரில் உட்கார்ந்து ஓட்டும் வண்டி) ஒன்றின் எஞ்சினையும் பம்பையும் வாங்கி வந்தேன். 5083 வகை அலுமினியத் தகட்டில், மூன்று மில்லிமீட்டர் கனத்தில், ஏறத்தாழ 14 அடி நீளத்துக்கு உடலைக் கட்டினேன். டிக் வெல்டிங் செய்வது எனக்குப் பழகிய தொழில் என்பதால் உடல் கட்டுவதில் பெரிய சிக்கல் எழவில்லை. எஞ்சினை விற்றவர், "ஜெட்டுக்குச் சுக்கான் தேவையே இல்லை, ஹேண்டிலைத் திருப்பினால் அது திரும்பும்" என்று சொல்லி அனுப்பினார். அவர் சொன்னதில் பாதிதான் உண்மை என்பது மதகில் போய் முட்டிய பிறகே எனக்குத் தெரிந்தது.

அந்த நாளை நான் விரிவாகச் சொல்லியாக வேண்டும். எங்கள் ஏரியின் மதகு பழைய காலத்து மதகு. கரையிலிருந்து நாலைந்து கருங்கற்படிகள் தண்ணீருக்குள் இறங்கும். படிகள் முடியும் இடத்தில் இரண்டு கல்தூண்கள் நிற்கும். அவற்றின் மேல் குறுக்குக் கல் கிடக்கும். மைத்துனர் படகை ஏரியின் நடுவிலிருந்து கரையை நோக்கி ஓட்டி வந்தார். வேகம் மணிக்கு 30 கிலோமீட்டருக்குக் குறையாது. நான் கரையில் நின்று கையை அசைத்து, இடது பக்கம் ஒதுங்கச் சொன்னேன். அவர் யாரும் செய்வதையே செய்தார்: ஆக்சிலேட்டரை விட்டார், ஹேண்டிலை முழுவதும் இடப்பக்கம் ஒடித்தார். எஞ்சினின் இரைச்சல் சட்டென்று அடங்கியது. ஹேண்டில் கடைசிவரை திரும்பி நின்றதும், படகின் பின்னால் தண்ணீரைப் பீய்ச்சும் குழாய்முனையான நாசில் இடப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்ததும் கரையிலிருந்தே எனக்குத் தெரிந்தது. படகு மட்டும் நூல் பிடித்தாற்போல் நேராக வந்தது. முனை வலப்பக்கத் தூணில் மோதி உள்ளே மடிந்தது. மைத்துனரின் முழங்கால் முன் தகட்டில் இடித்துத் தோல் உரிந்தது. உயிர்காக்கும் அங்கி போட்டிருந்தார், தண்ணீரில் விழவில்லை, அவ்வளவில் தப்பினோம்.

"மாமா, ஹேண்டிலை ஃபுல்லா ஒடிச்சேன் மாமா. அது பாட்டுக்கு நேரா போய்க்கினே இருந்துச்சு. கையில கனமே இல்ல" என்றார், படியில் உட்கார்ந்து முழங்காலைப் பிடித்தபடி.

கையில் கனமே இல்லை என்று அவர் சொன்னதுதான் விஷயத்தின் சாரம். ஜெட் படகின் அடியில் ஒரு வாய் இருக்கிறது. சல்லடைக் கம்பிகள் பொருத்திய அந்த வாய் வழியே தண்ணீர் மேலேறிப் பம்புக்குள் போகிறது. பம்புக்குள் சுழலும் இம்பெல்லர் என்ற இறக்கைச் சக்கரம் அதை வேகப்படுத்துகிறது. அதன் பின்னால் அசையாமல் நிற்கும் இறக்கைகள் தண்ணீரின் சுழற்சியை நேராக்குகின்றன. குறுகலான நாசில் வழியே அது தாரையாகப் பின்னோக்கிப் பீய்ச்சி அடிக்கிறது. தாரை பின்னே போகப் படகு முன்னே போகிறது. நாசிலை இடமோ வலமோ திருப்பினால் தாரை சாய்கிறது, படகின் பின்புறம் எதிர்த்திசையில் தள்ளப்படுகிறது, முனை திரும்புகிறது. திருப்பும் விசை முழுவதும் அந்தத் தாரையிலிருந்தே வருகிறது. ஆக்சிலேட்டரை விட்டால் தாரை இல்லை. தாரை இல்லையென்றால் திருப்பமும் இல்லை.

என் பம்பின் அளவுகளை வைத்து நான் போட்ட கணக்கைச் சொல்கிறேன். நாசிலின் வாய் ஏறத்தாழ 85 மில்லிமீட்டர் விட்டம். எஞ்சின் நன்றாக இழுக்கும்போது தாரையின் வேகம் நொடிக்கு 25 மீட்டர் என்று கொண்டால், நொடிக்கு ஏறத்தாழ 140 லிட்டர் தண்ணீர் வெளியேறுகிறது. நாசிலை 20 பாகை திருப்பினால் படகின் பின்புறத்தைப் பக்கவாட்டில் தள்ளும் விசை 120 கிலோ எடைக்குச் சமமாக வருகிறது. அதே எஞ்சின் ஐடிலில் ஓடும்போது தாரையின் வேகம் ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்தால், விசை ஐந்தில் ஒரு பங்காகக் குறைவதில்லை. வேகத்தின் இருமடிப்படி இருபத்தைந்தில் ஒரு பங்காகிவிடுகிறது. 120 கிலோ தள்ளிய இடத்தில் வெறும் 5 கிலோ மிஞ்சுகிறது. மைத்துனரோடும் எஞ்சினோடும் சேர்த்து 400 கிலோவுக்கு மேல் கனக்கும் படகு, மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் வரும்போது, ஒரு குழந்தை கைவைத்துத் தள்ளுவது போன்ற அந்த 5 கிலோவுக்கு எப்படித் திரும்பும்?

புரொப்பெல்லர் படகில் பழகியவர்களுக்கு இது விளங்குவது கடினம், ஏனென்றால் அங்கே எஞ்சினை அடக்கிய பிறகும் தண்ணீருக்குள் ஒரு தகடு தொங்கிக்கொண்டிருக்கிறது. அவுட்போர்டு மோட்டாரின் கால் பகுதியே ஒரு சுக்கான்தான். படகு ஓடும் வேகம் இருக்கும்வரை அதன் மேல் தண்ணீர் மோதும், மோதும்வரை படகு திரும்பும். மேலும், புரொப்பெல்லருக்குப் பின்னால் சுக்கான் வைத்த படகில், படகு அசையாமல் நிற்கும்போதுகூட எஞ்சினை முடுக்கினால் புரொப்பெல்லர் தள்ளும் நீரோட்டம் சுக்கானில் மோதிப் பின்புறத்தைத் திருப்பும். ஜெட்டில் அந்த வசதி இல்லை. தாரை நீர்மட்டத்துக்கு மேலே காற்றில் பாய்கிறது. கீழே தண்ணீருக்குள் நாம் வைக்கும் சுக்கானுக்கு அதிலிருந்து ஒன்றும் கிடைக்காது, படகின் சொந்த வேகம் மட்டுமே கிடைக்கும். தாரையின் பாதையிலேயே ஒரு தகட்டை நிறுத்தலாமே என்று எனக்கு யோசனை சொன்னவர்கள் உண்டு. அது நாசில் செய்யும் வேலையையே இன்னொரு முறை செய்து, நடுவில் தள்ளுவிசையைத் தின்றுவிடும்.

இந்த வகைப் படகை இன்றைய வடிவத்துக்குக் கொண்டுவந்தவர் நியூசிலாந்தின் பில் ஹாமில்டன். தெற்குத் தீவின் உட்பகுதியில் ஆட்டுப்பண்ணை வைத்திருந்த அவர், கூழாங்கற்களின் மேல் முழங்கால் அளவு மட்டுமே ஓடும் அந்த ஊர் ஆறுகளில் எதிர்நீச்சல் போடும் படகைத் தேடி, 1954-வாக்கில் தன் ஜெட் படகை ஓடவிட்டார். தொடக்கத்தில் அவரும் நாசிலைத் தண்ணீருக்கு அடியில் வைத்துப் பார்த்திருக்கிறார். அதை நீர்மட்டத்துக்கு மேலே தூக்கிய பிறகுதான் படகு பறந்தது. 1960-இல் அவருடைய படகுகள் அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் வழியே கொலராடோ ஆற்றை எதிர்த்து மேலேறின. நம் நாட்டிலும் இது நடந்திருக்கிறது: 1977-இல் எட்மண்ட் ஹிலாரி மூன்று ஜெட் படகுகளுடன் கங்கையின் கழிமுகத்தில் தொடங்கி, ஆற்றை எதிர்த்தே இமயமலையில் நந்தப்பிரயாகை வரை போனார். கல்லும் நுரையுமாகக் கொட்டும் அந்த நீரோட்டத்தில், அடியில் ஒரு முழம் சுக்கானைத் தொங்கவிட்ட படகு முதல் நாளே அதை இழந்திருக்கும் என்பதில் எனக்கு ஐயமில்லை. படகின் அடியில் எதுவும் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது என்பதே ஹாமில்டன் கண்டதன் உயிர்நாடி. அதில் போய்ச் சுக்கானை மாட்டுவது, தேரை இலேசாகச் செய்துவிட்டுப் பாறாங்கல்லை ஏற்றுவது போல என்று நானே முதலில் நினைத்தேன்.

ஆனாலும் மைத்துனரின் முழங்கால் என் கண் முன்னால் இருந்தது. அந்த மழைக்காலத்திலேயே முதல் சுக்கானைச் செய்தேன். ஓர் அடி ஆழமும் முக்கால் அடி அகலமும் உள்ள எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) தகடு; 20 மில்லிமீட்டர் ஆக்சில்; படகின் பின்தகட்டில் இரண்டு பித்தளை புஷ்கள்; நாசிலைத் திருப்பும் கேபிளோடு ஒரு இணைப்புக் கம்பி. லேத்தில் கடைந்து பொருத்தியபோது பார்க்க மிக அழகாக இருந்தது. ஆழமான தண்ணீரில் ஓட்டியபோது அதன் பலனும் தெரிந்தது: ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் படகு வளைந்தது. மூன்று நாள்கள் நான் பெருமையோடு இருந்தேன். நாலாம் நாள் எதிர்ப்புறத்தில், இடுப்பளவுத் தண்ணீரில், மறைந்திருந்த கருவேலங்கட்டையில் சுக்கான் இடித்தது. ஆக்சில் வில்லாக வளைந்தது. அதைத் தாங்கிய பின்தகட்டில் வெல்டிங் ஓரம் விண்டு, எஞ்சின் அறைக்குள் தண்ணீர் கசிந்தது. கட்டையில் இடிக்காத படகு வேண்டும் என்றுதான் ஜெட்டையே தேடிப் போனோம். அதே கட்டையில் இடிக்கும் உறுப்பை நானே செய்து மாட்டியிருக்கிறேன் என்பது படகைக் கரையேற்றிக் கவிழ்த்துப் பார்த்தபோது உறைத்தது.

அதன் பிறகுதான் நான் நிதானமாகப் பிரித்து யோசிக்கத் தொடங்கினேன். சுக்கான் கேட்பவர்கள் எல்லாரும் ஒரே நோய்க்கு மருந்து கேட்பதில்லை. இரண்டு வேறு குறைகள் ஒன்றாகக் கலந்து பேசப்படுகின்றன.

முதலாவது, மெதுவாகப் போகும்போது படகின் முனை ஒரு பக்கம் நிற்காமல் இடமும் வலமும் அலைவது. கரைக்கு அணையும்போதும் வலைகளுக்கு நடுவே ஊர்ந்து போகும்போதும் இது பெரிய தொந்தரவு; ஹேண்டிலைத் திருப்பித் திருப்பிக் கை சலித்துவிடும். இதற்குக் காரணம், நம் படகின் அடி வழவழப்பாக, பின்பக்கத்தில் பிடிமானமே இல்லாமல் இருப்பது. பழைய மரப்படகுகளில் நீளவாக்கில் ஏரா ஓடும்; அம்பின் வாலில் இறகு கட்டுவார்கள்; இரண்டும் செய்யும் வேலை ஒன்றே. பின்பக்கம் சிறிது பிடிமானம் கொடுத்தால் அலைச்சல் குறைகிறது. இதற்குத் திரும்பும் சுக்கானே வேண்டியதில்லை. அசையாத சிறு தகடு போதும். கரைக்கு அணைவதற்கோ ரிவர்ஸ் பக்கெட்டுக்கு நிகரான உறுப்பு இல்லை. நாசிலின் மேலிருந்து கவிழும் அந்தக் கிண்ணத்தைப் பாதி இறக்கினால், தாரையின் ஒரு பகுதி முன்னோக்கித் திரும்பிப் படகை நிறுத்திவைக்கிறது. எஞ்சினை நல்ல சுழற்சியில் வைத்துக்கொண்டே படகை நகராமல் பிடிக்கலாம். சுழற்சி இருப்பதால் தாரை இருக்கிறது, தாரை இருப்பதால் திருப்பமும் இருக்கிறது. பெரிய ஜெட் படகுகளை ஓட்டுகிறவர்கள் கரையணைவதெல்லாம் இப்படித்தான். நான் வாங்கிய பழைய எஞ்சினோடு பக்கெட் வரவில்லை. அதைச் செய்யாமல் சுக்கானில் கைவைத்தது என் தவறு.

இரண்டாவது குறை, மதகில் எங்களுக்கு நேர்ந்தது: வேகமாகப் போகும்போது பயந்து ஆக்சிலேட்டரை விட்டுவிட்டால் திருப்பம் செத்துப்போவது. இது உயிரோடு விளையாடும் குறை. 1998-இல் அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் நீர் ஸ்கூட்டர் விபத்துகளை ஆராய்ந்து வெளியிட்ட அறிக்கையிலும் இது எடுத்துப் பேசப்பட்டது. அதன் பிறகு நிறுவனங்கள் கண்ட தீர்வுகளைப் பார்த்தால் கேள்வியின் இரண்டு முகங்களும் தெரியும். சீ-டூ நீர் ஸ்கூட்டர்களைச் செய்யும் நிறுவனம் ஆக்சிலேட்டரை விட்டதும் தண்ணீருக்குள் இறங்கும் பக்கவாட்டுத் தகடுகளைச் சில வண்டிகளில் வைத்தது. யமஹா நிறுவனமோ, ஆக்சிலேட்டரை விட்ட நிலையில் ஹேண்டிலை முழுவதும் திருப்பினால் எஞ்சினே தன் சுழற்சியைச் சற்று உயர்த்திக்கொள்ளும் ஏற்பாட்டைச் செய்தது. ஒருவர் தண்ணீரில் தகட்டைக் கொடுத்தார், இன்னொருவர் தாரையைத் திருப்பிக் கொடுத்தார். யமஹாவின் பெரிய ஜெட் படகுகளில், படகின் அடியில் நாசிலோடு சேர்ந்து திரும்பும் தகடும் உண்டு. ஆகவே ஜெட்டுக்குச் சுக்கான் ஆகாது என்று சாதிப்பவர்களும், சுக்கான் இல்லாத படகு படகே இல்லை என்பவர்களும் பாதி வழியில் நின்றுவிடுகிறார்கள்.

இரண்டாவது குறைக்குத் தகடு எவ்வளவு உதவும் என்பதையும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நாசிலின் இரு பக்கமும் 15 சென்டிமீட்டர் ஆழமும் 10 சென்டிமீட்டர் அகலமும் உள்ள இரண்டு தகடுகள், நாசிலோடு சேர்ந்து திரும்பும்படி. மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் அவை இரண்டும் சேர்ந்து, நல்ல நிலையில், 70 கிலோவுக்கு மேல் பக்கவிசை தர முடியும். தகட்டின் மேல்முனை நீர்மட்டத்தைத் தொடுவதால் காற்று அதன் முதுகு வழியாக உள்ளே இழுக்கப்படும். அதனால் பாதி விசை வீணானாலும் 35 கிலோ மிஞ்சும். ஐடில் தாரையின் 5 கிலோவோடு ஒப்பிட்டால் அது பெரிய செல்வம். ஆனால் படகு நடைவேகத்துக்கு வந்துவிட்டால் அதே தகடுகள் 2 கிலோ, 3 கிலோ தருவதே அபூர்வம். கரைக்கு அணையும்போது நன்றாகத் திரும்ப வேண்டும் என்பதற்காகச் சுக்கான் வைக்கிறவர்கள், அது வேலை செய்யாத இடத்துக்காக அதை வைக்கிறார்கள். படகு நின்றுவிட்டால் சுக்கான் வெறும் இரும்பு.

இந்தச் சிறு தகடுகளை எஸ்.எஸ். 316-இல் வெட்டி, ஓரங்களை மழுக்கி, பின்பக்கமாக மடங்கும்படி கதவுக்கு வைப்பது போன்ற கீலில் மாட்டினேன். கீழே பிடித்துவைக்க லாரி டியூபிலிருந்து வெட்டிய ரப்பர் பட்டை. கட்டையில் இடித்தால் பட்டை நீண்டு தகடு மேலேறும், தாண்டியதும் தானே இறங்கும். வில்கம்பிச் சுருளைவிட ரப்பர் நல்லது என்பது அனுபவத்தில் தெரிந்தது. சுருளுக்குள் பாசி புகுந்து இறுகிவிடுகிறது, ரப்பரை ஐந்து நிமிடத்தில் மாற்றிவிடலாம். பட்டையின் இறுக்கத்தைக் கண்டுபிடிக்க மட்டும் நாலைந்து நாள்கள் ஆயின. தளர்வாக இருந்தால் வேகத்தில் தண்ணீரே தகட்டை மடக்கிவிடுகிறது. இறுக்கமாக இருந்தால் கட்டையில் இடிக்கும்போது மடங்காமல் கீலை நசுக்குகிறது.

பிறகு ஏரியின் நடுவில் காலி கேன்களை மிதக்கவிட்டுப் பரிசோதித்தோம். ஒரே இடத்தில், ஒரே வேகத்தில் ஆக்சிலேட்டரை விட்டு ஹேண்டிலை ஒடிக்க வேண்டும். தகடு இல்லாதபோது படகு ஓடி அடங்குவதற்குள் தன் அகலம் அளவுகூட விலகவில்லை. தகடு மாட்டியபோது கேனுக்கு இரண்டு படகு நீளம் தள்ளிச் சென்று நின்றது. மதகுத் தூண் அந்தக் கேன் இருந்த இடத்தில் இருந்திருந்தால் முட்டியிருக்க மாட்டோம். மைத்துனர் இந்தப் பரிசோதனையை ஒன்பது முறை செய்தார். ஒவ்வொரு முறையும் திரும்பி வந்து என் முகத்தைப் பார்த்தார், நான் இன்னொரு முறை என்று கைகாட்டினேன்.

இழப்புகளும் இருந்தன, அவற்றை மறைப்பது நேர்மையாகாது. முழு வேகத்தில் தாரையும் தகடும் சேர்ந்து தள்ளும்போது படகு எதிர்பாராத கூர்மையோடு திரும்புகிறது. முன்பு பின்புறம் வழுக்கிக்கொண்டு அகலமாகச் சுற்றிய படகு, இப்போது பின்புறம் பிடித்துக்கொண்டு சட்டென்று வளைகிறது. உள்ளே பிடிமானமில்லாமல் உட்கார்ந்திருப்பவர் வெளியே தூக்கி எறியப்படலாம். ஒரு பையன் வரப்பில் சறுக்குவது போலப் படகின் பக்கச் சுவரின் மேல் வழுக்கி, கடைசி நொடியில் கைப்பிடியைப் பற்றியதைக் கண்ட பிறகு, ஹேண்டில் திரும்பும் அளவை இரண்டு பக்கமும் சிறிது குறைத்து நிறுத்தக் கட்டை வைத்தேன். வலைப் பிரச்சினையும் பாதி திரும்பி வந்தது. ஒரு நாள் மாலை வலையின் மேல்கயிறு தகட்டின் கீலில் மாட்டிக்கொண்டது. வலைக்காரர் ஒருவர் கழுத்தளவுத் தண்ணீரில் இறங்கி, கண்ணால் பார்க்க முடியாத சேற்று நீரில் விரலால் தடவித் தடவி, நரம்பை ஒவ்வொன்றாக அறுத்து எடுத்தார். ஜெட்டின் வாய் ஆகாயத்தாமரையை உறிஞ்சி அடைத்துக்கொள்வது வேறு இருக்கிறது. அதற்கு எஞ்சினை நிறுத்திவிட்டுச் சல்லடையைக் கையால் சுத்தம் செய்ய வேண்டும். தகட்டில் சிக்கும் கொடியும் அந்த வேலையோடு சேர்ந்துகொண்டது.

இப்படியெல்லாம் பார்த்த பிறகு என் தீர்ப்பு இதுதான். படகின் அடியில் ஆழமாக இறங்கும், மடங்காத சுக்கானை ஜெட் படகில் பொருத்தவே கூடாது. நம் பக்கத்து ஏரிகளில் அது ஒரு பருவம்கூடத் தாங்காது. மெதுவான ஓட்டத்துக்காகச் சுக்கான் வைப்பது வீண். அதற்குப் பக்கெட்டையும், எஞ்சின் சுழற்சியை விடாமல் ஓட்டும் பழக்கத்தையும் நாட வேண்டும். நாசிலோடு திரும்பும், இடித்தால் மடங்கும் சிறு தகடுகளை மட்டும் நான் ஆதரிக்கிறேன், அதுவும் படகு பலர் கையில் போகுமானால். ஸ்கூட்டர் ஓட்டிப் பழகிய எவரும் ஆபத்தைக் கண்டால் முதலில் வேகத்தைக் குறைப்பார், பிறகு திருப்புவார். சாலை அவருக்கு அப்படிக் கற்றுக்கொடுத்திருக்கிறது. ஜெட்டில் திரும்ப வேண்டுமானால் ஆக்சிலேட்டரை அழுத்திப் பிடித்தபடியே திருப்ப வேண்டும். தூணைப் பார்த்துக்கொண்டே அழுத்துவதற்கு உடம்பு ஒப்பாது. பயிற்சி அதை மாற்றும், ஆனால் நூறு முறை செய்து பழகிய கையில்தான் மாற்றும். குத்தகை ஏரியில் படகை எடுக்கிறவர் ஒரு நாள் மைத்துனர், ஒரு நாள் அவர் மகன், ஒரு நாள் கூலிக்கு வந்தவர். அவர்கள் எல்லாருடைய பயத்தையும் நான் திருத்த முடியாது. அந்தப் பயத்துக்கு ஒரு தகட்டைக் கொடுக்க முடியும்.

அதே காரணத்தால், வெள்ள மீட்புக்கு எடுத்துப் போகும்போது தகடுகள் வேண்டாம் என்பதும் என் கருத்து. அரக்கோணத்தில் இருக்கும் தேசியப் பேரிடர் மீட்புப் படையினர் ரப்பர் படகில் அவுட்போர்டு மோட்டாரை மாட்டிக்கொண்டு போவதைச் செய்தியில் பார்க்கும்போதெல்லாம் நான் கவனிப்பது, மோட்டாரைப் பிடித்திருப்பவரின் கை பதறாமல் இருப்பதைத்தான். அப்படிப் பழகிய கைக்கு ஜெட்டைக் கொடுத்தால் அவர் தாரையாலேயே திருப்பிக்கொள்வார். தெருவில் ஓடும் வெள்ளத்தில் மதில் சுவரும், இரும்புக் கம்பியும், சாய்ந்த இரு சக்கர வண்டியும் எந்த ஆழத்தில் கிடக்கின்றன என்று யாருக்கும் தெரியாது. அங்கே படகின் அடி வழவழப்பாக இருப்பதே பாதுகாப்பு.

இந்த ஆண்டு பக்கெட்டைச் செய்து முடித்துவிட்டேன். கேபிளின் நீளம் மட்டும் இன்னும் சரியாக அமையவில்லை; முழுவதும் இறக்கும்போது கடைசி ஓர் அங்குலம் இழுபடுகிறது, கார்த்திகைக்கு முன்னால் மாற்ற வேண்டும். தகடுகள் இரண்டு போல்ட்டில் கழன்று வரும்படி மாற்றியிருக்கிறேன். ஸ்பானரும் உபரி ரப்பர் பட்டைகளும் ஒரு சாக்குப் பையில் படகிலேயே இருக்கின்றன. மதகின் படிகள் எங்களுக்கு அளவுகோலாகிவிட்டன. மேலிருந்து இரண்டாம் படி நனைந்திருக்கும்வரை தகடுகளோடு ஓட்டலாம் என்றும், தண்ணீர் மூன்றாம் படிக்கு இறங்கிவிட்டால் அன்றே கழற்றிவிட வேண்டும் என்றும் மைத்துனரிடம் சொல்லியிருக்கிறேன். அவர் மூன்றாம் படியின் விளிம்பில் சிவப்புப் பெயிண்டால் ஒரு கோடு இழுத்துவைத்திருக்கிறார்.